கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் ஹெஸ்டர்

ஹெஸ்டர் பிரிண்டில் துப்பறியும் நாவல் எதையும் கடைசிப் பக்கத்தில்தான் தொடங்குவாள். கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்டு, பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, டீயை உறிஞ்சியபடி நிம்மதியாகப் படிப்பாள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. துப்பறியும் கதை எழுத்தாளருக்கும் வாசகருக்கும் நடக்கும் பந்தயம், தடயங்களை வைத்து நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும் என்பார் வட்டத்தின் தலைவர் மிஸ்டர் குவில்டர். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஹெஸ்டர் தன் பழக்கத்தைத் தானே உளறிவிட்டாள். குவில்டருக்குப் பொறுக்கவில்லை.

“இது ஏமாத்து வேலை, மிஸஸ் பிரிண்டில். சீட்டாட்டத்துல அடுத்தவங்க சீட்டை எட்டிப் பாக்குற மாதிரி.”

“எனக்குப் பந்தயமே வேண்டாங்க. என் வீட்டுக்காரர் ரொட்டி வாங்கிட்டு வரேன்னு போனவரு, திரும்பி வரல. திடீர்னு எதையும் தெரிஞ்சுக்க இனிமே என்னால ஆகாது. கொன்னது யாருன்னு தெரிஞ்சாத்தான், அதை எப்படி ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு ரசிக்க முடியுது.”

“அப்ப நீங்க வீட்டுலயே ரசிச்சுக்கலாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு நாலு பேரோடு உட்கார்ந்து பேசக் கிடைப்பது அந்த ஒரு மாலைதான். நான் சண்டை போட்டேன், எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழையில் ஹெஸ்டர் வீட்டில் இருந்தேன். கதவு தட்டும் சத்தம். தொப்பியில் நீர் சொட்ட குவில்டர் நின்றார், கையில் வட்டத்தின் இந்த மாதப் புத்தகம்.

“நூலகப் பிரதி. கடைசி அத்தியாயத்தை எந்தப் புண்ணியவானோ கிழிச்சுட்டான். ராத்திரி பூரா தூக்கமில்ல. கொன்னது யாருங்க?”

“எட்டிப் பாக்குறது ஏமாத்து வேலையாச்சே?”

“மிஸஸ் பிரிண்டில், தயவுபண்ணுங்க.”

“உள்ள வாங்க. சொல்ல மாட்டேன், காட்டுறேன்.”

இரண்டாம் அத்தியாயத்தைப் பிரித்து ஒரு வரியில் விரல் வைத்தாள். அவர் படித்தார், மறுபடி படித்தார்.

“அட, அந்த நர்ஸா! கண்ணு முன்னாலயே நின்னிருக்கா!”

குவில்டர் சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்தடுத்த தடயங்களை அவள் காட்டக் காட்ட, டீ ஆறிப்போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை. எனக்கு மனம் குளிர்ந்துபோனது.

கிளம்பும்போது வாசலில் தயங்கினார்.

“வியாழக்கிழமை கட்டாயம் வந்துடுங்க. இதையே முதல்லேருந்து மறுபடி படிக்கப் போறோம்.”

“முடிவு தெரிஞ்சதுக்கு அப்புறமுமா?”

“தெரிஞ்சதாலதாங்க.”