முதலில் பொரித்த மூன்று தட்டுகள்

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரில், ஒரு வீட்டுப் பட்டுப்புழுக்கள் முப்பத்தைந்து நாளாகியும் கூடு கட்டாமல் தின்றுகொண்டே இருக்கின்றனவாம். ரொட்டி வாங்கப் போன மருமகள் நிகினா கேட்டுவந்து சொன்னாள்.

"பொரிச்ச வாரத்துல ஆப்பிள் தோட்டத்து ஓர மல்பெரி இலையைப் போட்டாங்களாம் அத்தை. அந்த வாரந்தான் தோட்டக்காரன் மருந்தடிச்சானாம். அது புழுவைக் கொல்லாதாம், கூடு கட்ட விடாமப் பண்ணிடுமாம்."

மாமியார் ஹோசியத் விரல்விட்டு நாளை எண்ணினாள். இருபத்தாறு வசந்தமாக முட்டைகளைத் துணியில் முடிந்து மார்புச் சூட்டில் பொரிக்கவைப்பவள் அவள். வீட்டின் நல்ல அறை புழுக்களுக்கு; குடும்பம் நடையில் படுக்கும். கூடு கட்டும்வரை வெளியார் உள்ளே வரக் கூடாது, கண் பட்டுவிடும்.

இந்த வருடம் முதலில் தளிர்விட்டது அந்தத் தோட்டத்து ஓர மல்பெரிதான். முதல் நாள் பொரித்த புழுக்களுக்கு அதைத்தான் நறுக்கித் தூவினாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு சனோபர் செருப்புக் காலோடு உள்ளே வந்து, இலைமூட்டையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள்.

"மருந்து வாடை மூக்கைத் துளைக்குது! பச்சப்புள்ளைக்கு விஷம் ஊட்டறியேடி!"

"அது பழத்துப் புழுவுக்கு அடிச்சது, என் புழுவை என்ன பண்ணும்? உன் கண்ணுதான் விஷம். வெளியே போ!"

போனாள். ஆனால் அன்று மாலையிலிருந்து, அவள் வீட்டு மரத்து இலைக்கட்டு ஒன்று தினமும் வாசலில் கிடந்தது. ஹோசியத் எடுத்துக்கொண்டாள். பிந்திப் பொரித்தவை அதைத் தின்றே வளர்ந்தன.

முந்திப் பொரித்தவையும் சாகவில்லை. தோலுரிக்கும் நான்கு தூக்கமும் தூங்கி எழுந்து, மற்றவற்றைவிடக் கொழுத்துவிட்டன. "பாரு, கொழுத்த செம்மறிக் கிடா மாதிரி!" என்று மதிலுக்கு அப்பால் கேட்கும்படி கத்தியிருந்தாள்.

இப்போது அறைக்கு ஓடினாள். பிந்தியவை உலர்செடிக் கட்டுகளில் ஏறி வெள்ளை வெளேரென்று கூடு கட்டியிருந்தன. முந்தியவற்றின் வாயில் ஓர் இழைகூட இல்லை. மென்றுகொண்டிருந்தன.

"மூணு தட்டுதானே அத்தை போச்சு. பதினொண்ணு கட்டிடுச்சே," என்றாள் நிகினா.

"அந்தச் செருப்பு அன்னிக்கு உள்ளே வரலைன்னா பதினாலும் போயிருக்கும்டி."

கூடுகள் நன்றாகக் கட்டியிருந்த கிளையொன்றை ஒடித்து, சனோபருக்கென்று ஜன்னலில் வைத்தாள். சனோபர் நேற்றுத்தான் அந்திஜான் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு மாதமாய்ப் பேசாத எண்ணை ஹோசியத் அழுத்தினாள்.

"அந்த மூணு தட்டைப் பட்டினி போடாதே. இலை போடு," என்றாள் மருமகளிடம், போனைக் காதில் வைத்தபடியே. "அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.