தண்ணீரின் மேல்

ஓடைத் தண்ணீர் ரோட்டை மறித்துவிட்டதால், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் மகாராஜபுரம் கண்மாய்க்கரையில் நிற்கிறது. என் மடியில் எபிரெய வேதாகமம், முதல் பக்கம். உலகம் உருவாகும் முன்பு இருட்டும் தண்ணீரும்தான். அதன் மேல் தேவ ஆவி. 'அசைவாடிக்கொண்டிருந்தார்' என்று தமிழில் படித்து வளர்ந்தவன் நான். எபிரெயத்தில் அதே வினைச்சொல் இன்னோரிடத்தில், குஞ்சுகளுக்கு மேலே சிறகடிக்கும் கழுகுக்கு வருகிறது. தேவ ஆவி இறங்காமல் ஏன் சிறகடிக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

பக்கத்து சீட்டு அக்கா ஜன்னல் வழியே கைகாட்டுகிறார். கண்மாய்க்குள் பாதி முங்கிய கருவேல மரம். தண்ணீரைத் தொடும் கொப்பில் ஒரு கூடு, அதில் குஞ்சுகள். மேலே ஒரு கொக்கு அந்தரத்திலேயே படபடக்கிறது.

"ஏன்க்கா எறங்க மாட்டேங்குது?"

"எறங்குனா கனம் தாங்காம கொப்பு முங்கிரும்ல தம்பி. விட்டுட்டுப் போகவும் மனசு வரல அதுக்கு."

என் விரல் அந்தச் சொல்லின் மேலேயே நிற்கிறது. சர்வ வல்லவர் என்றுதான் இத்தனை காலம் படித்திருக்கிறேன். எதுவும் முங்கிவிடக் கூடாதே என்று, தன் கனத்தைத் தானே தாங்கிக்கொண்டு அவர் நின்றதை இப்போதுதான் படிக்கிறேன்.