பச்சை வளையல் மரம்

கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் நான்தான் வாயைக் கொடுத்தேன். காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு நேர் கீழே, மகனோடு இருக்கிற தெலுங்குக் கிறிஸ்தவ அம்மா அவர். பரணில் இருந்த அவருடைய பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்தை எலி கடித்துவிட்டது.

"புதுசு எதுக்கு ஆன்ட்டி, நான் கையாலயே செஞ்சு தர்றேன்" என்றேன். அவரோடு நான் பேசுவது தெலுங்கும் ஹிந்தியும் பிசைந்த ஒரு கதம்பம். இங்கே தமிழாகவே எழுதிவிடுகிறேன்.

மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிற தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஆனால் பச்சை சார்ட் பேப்பரைக் கூம்பாகச் சுருட்ட வரவில்லை. முதல் மரம் சாய்ந்தது. அடுத்தது நின்றது, பிறந்தநாள் தொப்பியை மாடு மென்று துப்பியது போல. அன்று சாயங்காலம் சர்ச்சிலிருந்து கேரல் பாடுகிறவர்கள் ஆன்ட்டி வீட்டுக்கு வருகிறார்கள். மதியமும் தாண்டிவிட்டது. பீரோவைத் திறந்தேன். பதற்றம் வந்தால் சிலர் ஃபிரிட்ஜைத் திறப்பார்கள், நான் பீரோ.

மேல்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல்கள், பெரிய கைக்கானதிலிருந்து குழந்தைக் கைக்கானது வரை. மரம் செய்ய இதைவிட என்ன வேண்டும்? அடியில் பெரியது, மேலே போகப்போகச் சிறியது. நடுவே ஒட்டடைக் கம்பில் ஒடித்த துண்டு. ஒவ்வொரு வளையலுக்கும், பசையைச் சூடாக்கி உருக்குகிற க்ளூ கன்னால் ஒரு சொட்டு. உச்சியில் ஜிகினா நட்சத்திரம். கடவுளே அனுப்பிவைத்த பெட்டி என்று நினைத்தேன். அது ஒருவகையில் உண்மையாகவே இருந்தது.

ஆன்ட்டி மரத்தைக் குடிலுக்குப் பக்கத்தில் வைத்து, விளக்கைப் போட்டு, நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபோட்டோ எடுத்து, 'கைவண்ணம்: அடியேன்' என்று எழுதி, குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். படியேறி வீட்டுக்குள் நுழைவதற்குள் ஆபீஸிலிருந்து மனைவியின் ஃபோன்.

"அந்த மரத்த எதுல செஞ்சீங்க?"

"வளையல்ல. நல்லாருக்குல்ல?"

"எந்த வளையல்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ஆடிப்பூரத்துக்கு ஊருக்குப் போயி, அம்மனுக்குச் சாத்தி எடுத்துட்டு வந்தது. அடுத்த மாசமே அவ முழுகாம இருக்கான்னு சேதி வந்துச்சு. தையில வளைகாப்புக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். நான் வர்றதுக்குள்ள எல்லாம் பெட்டியில இருக்கணும். ஒண்ணு விரிசல் விட்டிருந்தாக்கூட அப்புறம் பேசிக்கிறேன்."

அவ என்றால் எங்கள் மகள். கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்து உண்டான குழந்தை. லாட் பஜாரில் வளையல் மலையாகக் குவிந்து கிடக்கும், ஆனால் அந்த வளையல் கிடைக்காது. ஒரு காலில் என் செருப்பும் மறுகாலில் மனைவியின் செருப்புமாகக் கீழே ஓடினேன்.

"மரத்துல சின்ன ரிப்பேர் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே விளக்கு வயரை உருவிப்போட்டு, உச்சி வளையலைப் பிடித்து இழுத்தேன். க்ளூ விடவில்லை.

"ஐயோ, மெதுவா இழுப்பா" என்றார் ஆன்ட்டி. மரம் ஆடாமல் இருக்க அடிப்பக்கத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு உடைஞ்சாத்தான் என்ன, கண்ணாடிதானே."

"உடையவே கூடாது ஆன்ட்டி. என் பொண்ணு வளைகாப்புக்கு வச்சது. கண்ணாடி வளையல் உடைஞ்சா புருஷனுக்கு ஆகாதுன்னு சொல்வாங்க."

சொல்லிக்கொண்டே குனிந்தவன் மரத்தைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தேன். வளையல் இல்லாத வெறும் கைகள். அவர் கணவர், அங்கிள், இறந்துபோன அன்று அந்த வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டவன் நான்தான்.

ஆன்ட்டி மரத்திலிருந்து கைகளை எடுத்துக்கொண்டார். உள்ளே போய் மகனுடைய ஹேர் டிரையரை எடுத்து வந்தார். சூடு பட்டதும் க்ளூ இளகியது. ஒவ்வொரு வளையலாகக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து என்னிடம் கொடுத்தார். நான் பெட்டியில் அடுக்கினேன்.

"எல்லாம் முழுசா இருக்கா, பாத்துக்கோ" என்றார்.

எல்லாம் முழுசாக இருந்தது. மிஞ்சியது நட்சத்திரம் ஒட்டிய ஒட்டடைக் கம்பு. அதை ஒரு டம்ளர் அரிசியில் நட்டு, குடிலுக்குப் பக்கத்திலேயே வைத்தார். சாயங்காலம் கீழே அதைச் சுற்றி நின்று பாடினார்கள். மேலே நான் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

ஆன்ட்டியிடம் வாய் தவறியதை மனைவியிடம் சொல்லவில்லை. பெட்டியைப் பார்த்தாள், மன்னித்துவிட்டாள்.

தையில் வளைகாப்பு. ஆன்ட்டி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து வளையல் போட்டார்கள். எல்லோரும் முடித்ததும் மகள் கையை நீட்டி, "ஆன்ட்டி, ரண்டி, மீரு கூடா வெய்யண்டி" என்று தெலுங்கில் கூப்பிட்டாள், நீங்களும் வந்து போடுங்கள் என்று. என் மனைவியும் சிரித்துக்கொண்டே வளையல் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஆன்ட்டி எழுந்தார். மகளைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்க்கவில்லை. பந்திக்கு இலை எண்ணிக்கொண்டு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

'போடுங்க ஆன்ட்டி' என்று ஒரு வார்த்தை. நாள் முழுக்க வாய் ஓயாதவனுக்கு அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "முழங்கால் வலி கண்ணு, நீங்களே போடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் இலையை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.