முழங்காலில் தட்டினால் கியர் மாற்ற வேண்டும்

எங்கள் வீட்டுக் காரின் மூக்கில் வெள்ளியில் ஏதோ எழுதியிருக்கிறது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அதனால் அதை எழுத்தென்று பார்க்காமல், பெண்பிள்ளையின் மூக்குத்தியைத் துடைப்பது மாதிரி இத்தனை வருடமும் துடைத்து வந்திருக்கிறேன். அது எந்தக் கம்பனி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே பதில், அதன் சத்தம்தான். அதைச் சொல்லத்தான் இப்போது மகளை எழுத உட்கார்த்தியிருக்கிறேன். "நான் கதைக்கிற மாதிரியே எழுது" என்றால், "உம்மா, புத்தகத்துல அப்பிடி எழுதேலா" என்கிறாள். சரி, அவள் இஷ்டம். ஆட்கள் பேசுகிற இடத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரை கிடையாது, மழை வந்தால் ஒரு துணியை இழுத்து மூட வேண்டும். தரையோடு தரையாகப் பதுங்கிக் கிடந்து சட்டென்று பாயும். கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் அதற்குத் தவளைக் கார் என்றுதான் பெயர். என் கணவர் கலியாணத்துக்கு முன்பே பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் வீட்டில் அதை வாங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இவர் ஒரு தகரப் பெட்டியோடும் இந்தக் காரோடும் வந்தார். வளவுக்குள் கார் நுழைய மதிலை உடைக்க வேண்டியிருந்தது.

"மகளுக்கு வீடு குடுத்தன், சரி. மாப்பிள்ளைட தவளைக்கும் நானா வீடு கட்டணும்?" என்று வாப்பா கத்தினார். கத்திக்கொண்டே கொட்டிலும் போட்டுக் கொடுத்தார். அந்தக் கொட்டிலுக்குள்தான் இந்தக் கதை முழுவதும் நிற்கிறது.

சத்தத்துக்கு வருகிறேன். சாவி திருப்பினால் முதலில் இரண்டு இருமல். பிறகு வறுசட்டியில் கச்சான் கொட்டை, நிலக்கடலைதான், வெடிப்பது மாதிரி ஒரு படபடப்பு. ஓட ஓட அது தடித்துக்கொண்டே போய், முழு வேகத்தில், ஆடி மாதத்துக் கச்சான் காற்று தென்னந்தோட்டத்துக்குள் நுழைகிற மாதிரி ஆகிவிடும். அவர் பள்ளிவாசல் சந்தியில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். கேத்தலை அடுப்பில் வைப்பேன். தண்ணீர் கொதிக்கவும் தவளை வாசலில் நிற்கவும் சரியாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டதும் மூன்று கார்கள் சேர்ந்து போகும். காரைதீவு மாஸ்டரிடம் பச்சை நிறத்தில் ஒன்று. சம்மாந்துறையில் அரிசி மில் வைத்திருப்பவரிடம் கறுப்பில் ஒன்று. மூவரும் வினாயகபுரம் தாண்டி, வீடுகள் குறைந்து ரோடு நேராகக் கிடக்கிற இடத்தில் ஓட்டி விளையாடுவார்கள். திரும்பும்போது கரையில் மீன் வாங்கி வருவார்கள். யார் முந்தினார் என்ற சண்டை எங்கள் வாசலில்தான் தீரும்.

"மில்காரர், உங்கட காருக்குள்ள நெல்லப் போட்டா மற்றப் பக்கத்தால உமி வருமே, அந்தச் சத்தம்!" என்பார் மாஸ்டர்.

"ஒங்கட பச்சக் கார் வரக்க ஆக்கள் பயப்படுறாங்க மாஸ்டர். ஸ்கூல்ல பெல் அடிச்சிட்டெண்டு நெனச்சு" என்பார் மில்காரர்.

நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நாளில் எனக்கும் காருக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். அதன் இரண்டாவது இருக்கை மீன் பெட்டிக்கு உரியது.

அந்த இருக்கை எனக்கு எப்படிக் கிடைத்தது என்றால், இவருடைய காது மந்தமானதால். முதலில் இரவில் கடிக்க வரும் நுளம்பின் சத்தம் கேட்கவில்லை. அது பாக்கியம் என்று சிரித்தோம். பிறகு பாங்குச் சத்தம் போனது. கடைசியில் தவளையின் சத்தமே போய்விட்டது. ஒருநாள் என்னைச் சம்மாந்துறையில் ஒருவர் இறந்த மௌத்து வீட்டுக்குக் கூட்டிப்போய்த் திரும்பிக் கொண்டிருந்தார். வயல் நடுவில் கார் அலறத் தொடங்கியது. எங்கள் கிணற்று மோட்டர் தண்ணீர் வற்றினால் அப்படித்தான் கத்தும். இவரோ வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டு ஆனந்தமாக ஓட்டுகிறார். தாங்க முடியாமல் முழங்காலில் ஓங்கித் தட்டினேன்.

"மாத்துங்க! கத்துது, கேக்கல்லியா?"

கியரை மாற்றினார். அலறல் அடங்கி, தடித்த சத்தம் வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒனக்கு எப்பிடிகா தெரியும்?"

"ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாய் இரிக்கி, விளங்குது. இதுக்கும் வாய் இரிக்கிதானே" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மீன் பெட்டி இருக்கைக்குப் பின்னால் இருந்த இடுக்குக்குப் போனது, நான் முன்னால் வந்தேன். மாஸ்டரும் மில்காரரும் சிரித்த சிரிப்பு! "எஞ்சினுக்கு மேல ஒரு எஞ்சினீயர்" என்றார்கள். நான் கவலைப்படவில்லை. முகத்தில் காற்று அடிக்க, அபாயாவைக் காலுக்கடியில் இறுக்கிக்கொண்டு, காதை முன்னால் வைத்துக்கொண்டு இருப்பேன். சத்தம் ஏறி ஏறி இனி முடியாது என்று கெஞ்சும்போது ஒரு தட்டு. மேட்டில் மூச்சு வாங்கினால் இரண்டு தட்டு, அது கியரைக் கீழே இறக்க. களியோடைப் பாலத்தில் ஏறினால் எங்கள் சத்தத்தைத் தண்ணீர் திருப்பித் தரும். அதற்காகவே அங்கே கொஞ்சம் தாமதித்துத் தட்டுவேன். பிள்ளை பெற்று, நெல் அவித்து, பாய் இழைத்து எவ்வளவோ செய்திருக்கிறேன். நான் இல்லாவிட்டால் ஒரு வேலை நடக்காது என்று என் நெஞ்சு நிமிர்ந்தது அந்த இருக்கையில்தான்.

பிறகு பெற்றோல் இல்லாத காலம் வந்தது. தவளை கொட்டிலில் கிடந்தது. வரிசையில் நின்று கிடைத்ததை மோட்டார் சைக்கிளுக்கும் வயல் மிசினுக்கும் ஊற்றிவிட்டால் தவளைக்கு ஏது? அந்தக் கஷ்டத்தில்தான் மருமகன் கரண்ட் கார் வாங்கினார். நல்ல பிள்ளை, மின்சார வேலை தெரிந்தவர். அவருடைய காரால் எங்களுக்கு ஒரு நோன்பு போன கதையைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்ல முன்பு ஒலிபெருக்கியைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். நோன்பு நாளில் அந்தியில், நோன்பு திறக்க ஊரே அந்த இரைச்சலுக்குத்தான் காது கொடுத்திருக்கும். அன்று கஞ்சியை வைத்துக்கொண்டு நானும் இவரும் எதிரெதிரே இருந்தோம். இவருக்குப் பாங்கு கேட்காது, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். 'ம்ம்ம்' என்று வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி ஈத்தம்பழத்தை வாயில் வைத்தேன். இவரும் வைத்தார். கஞ்சியும் இரண்டு மிடறு குடித்துவிட்டோம். பார்த்தால், மருமகன் காரைப் பின்னுக்கு எடுத்து வளவுக்குள் விட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கார் பின்னால் போகும்போது அப்படித்தான் இரையுமாம்.

"என்ன மாமி, பாங்கு சொல்லியாச்சா? இன்னும் நேரம் இரிக்கே!"

"ஓம் மகன், ஒங்கட கார் சொல்லிச்சு" என்றேன்.

பெருநாள் முடிந்து இரண்டு பேரும் அந்த நோன்புக்குப் பதிலாக இன்னொரு நாள் களாப் பிடித்தோம். "ஒன்ட காத நம்பினன், கஞ்சியோட போச்சு" என்று இவர் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

பெற்றோல் திரும்பி வந்தபோது தவளை எழும்பவில்லை. கார் திருத்துகிற கராச் பாஸ் வந்து திறந்து பார்த்து, எஞ்சினுக்குள் வெடித்திருக்கிறது, இதற்குச் சாமான் இப்போது எங்கேயும் இல்லை என்று கைவிரித்துவிட்டார். இவர் கொட்டிலுக்குள் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மருமகன் சொன்னார், கொழும்பில் ஒரு கராச்சில் பழைய கார்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டரும் பெற்றரியும் வைத்துக் கொடுக்கிறார்களாம். மாஸ்டரையும் மில்காரரையும் கூப்பிட்டு, கொட்டிலிலேயே கூட்டம் நடந்தது.

"எஞ்சின் இல்லாத கார், மேளம் இல்லாத கலியாணம்" என்றார் மாஸ்டர். "நான் சாகும் வரைக்கும் பெற்றோல்தான்."

மில்காரர் அதற்கு முன்பே தன் கறுப்புக் காரை விற்றுக் கரண்ட் கார் எடுத்திருந்தார். "வேகம் வேணுமெண்டா இதுல இரிக்கி மாஸ்டர். ஒங்கட பச்சக் கார் செருமி முடிய நான் திருக்கோவில்ல நிப்பன். சத்தம் வேணுமெண்டா என்ட மில்லுக்கு வாங்க, காசில்லாமக் கேக்கலாம்."

மருமகன் இவருடைய காதருகே குனிந்து உரத்துச் சொன்னார். "கியரே இல்ல மாமா! மிதிச்சாப் போகும், விட்டா நிக்கும்!"

தேத்தண்ணித் தட்டோடு நின்ற எனக்கு அப்போதுதான் விளங்கியது. கியர் இல்லை. மாற்ற ஒன்றுமில்லை. அப்படியென்றால் தட்டவும் ஒன்றுமில்லை. மீன் பெட்டி முன்னால் வரப்போகிறது.

இவர் எழும்பிப் போய்த் தவளையின் மூக்கில் கை வைத்தார். பிறகு, "செய்வம்" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்வது? இந்த வயதில் ஒரு பெண், கார் கத்த வேண்டும் என்று அழுவாளா?

கொழும்பில் கழற்றித் திருப்பி அனுப்பிய எஞ்சின் இப்போது கொட்டிலில் இரண்டு மரக்கட்டையின் மேல் கிடக்கிறது. இவருடைய பழைய சாரனால் மூடி வைத்திருக்கிறேன். கூட்டும்போது தூக்கிப் பார்ப்பேன். அதன் எண்ணெய் மணம் மட்டும் இன்னும் போகவில்லை.

தவளை கொழும்பிலிருந்து லொறியில் திரும்பி வந்த இரண்டொரு நாளிலேயே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அவர்கள் புறப்படும் நேரம் நான் அபாயா போடவில்லை. குசினியில் வேண்டுமென்றே ஒரு பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை, போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். எட்டிப் பார்த்தால் இவர் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறார்.

"என்னத்துக்கு நான்? கியர்தான் இல்லியே" என்று கையைக் காட்டிச் சொன்னேன்.

"ஏறுகா."

ஏறினேன். தவளை நகர்ந்தது எனக்கே தெரியவில்லை, மதில்தான் பின்னால் போனது. அல்லாஹ்வே, அந்த அமைதியில் என்னவெல்லாம் கேட்டது! காரைதீவில் ஒரு வீட்டில் தேங்காய் துருவுகிறார்கள். நிந்தவூரில் யாரோ யாரையோ ஏசுகிறார்கள், காரணம்கூடக் கேட்டது. தென்னைகளுக்கு அந்தப் பக்கம் கடல். இத்தனை வருடம் அதன் ஓரமாகப் போயிருக்கிறோம், காருக்குள் இருந்து நான் கடலைக் கேட்டதே இல்லை. நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் களியோடைப் பாலத்தில் ஏறியபோது நான் காதை நீட்டினேன். தண்ணீரிடம் திருப்பித் தர ஒன்றும் இருக்கவில்லை. என் கை மடியில் சும்மா கிடந்தது.

வினாயகபுரம் தாண்டி நேர் ரோட்டுக்கு வந்ததும் இவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏன் தட்டல்ல?"

"எதுக்குத் தட்ட? நீங்க மாத்த என்ன இரிக்கி?" என்று காதருகே கத்தினேன்.

"முந்தியும் நீ தட்டியா மாத்தின நான்? அண்டைக்கு வெள்ளாமையப் பாத்துத் தவறவிட்டது ஒருக்காத்தான். ஸ்டீரிங்கப் புடிச்சாக் கை சொல்லும். நீ தட்ட முந்தியே எனக்குத் தெரியும்."

"பின்ன என்னத்துக்கு என்னக் கூட்டிப் போன?"

"மீன் பெட்டி கதைக்காதுதானே" என்றார்.

எனக்கு வந்த கோபம்! இத்தனை வெள்ளிக்கிழமை நான் கண்ணை இமைக்காமல் காது கொடுத்து வந்திருக்கிறேன், இந்த மனுசன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஏசத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பின்னால், வெகு தூரத்தில், மாஸ்டரின் பச்சைக் கார் வருவது கேட்டது. மில்காரர் எப்போதோ சத்தமில்லாமல் எங்களைக் கடந்து போய்விட்டார். மாஸ்டர் மட்டும்தான் வர வேண்டியிருந்தது.

வாயை மூடிக்கொண்டேன். எங்கள் சத்தம் இருந்த காலத்தில் வேறு எந்தக் காரையும் நான் முழுதாகக் கேட்டதில்லை. இப்போது மாஸ்டரின் கார் தனியாக வந்தது. கச்சான் கொட்டை வெடித்தது, தடித்தது, கெஞ்சியது. என்னை அறியாமல் கை இவருடைய முழங்காலுக்குப் போனது. ஒரு தட்டு. மாஸ்டர் மாற்றினார். இவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடியில் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். கால் அசையாமல் காத்துக்கொண்டிருந்தார். கார் எங்களைத் தாண்டியது. காற்று முகத்தில் அறைந்தது, பெற்றோல் மணம் வந்தது. சத்தம் ஏறியது, இன்னும் ஏறியது, இனி முடியாது என்று அழுதது, மாஸ்டர் விடவில்லை. நான் கையைத் தூக்கியபடியே இருந்தேன். கடைசியில் மாற்றினார். தட்டினேன்.

"லேட்டா மாத்துறான். எப்பவும் அப்பிடித்தான்" என்றார் இவர்.

கோமாரிப் பக்கம் அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து, கடல் எது கார் எது என்று எனக்கே பிரித்தறிய முடியாமல் போகும் வரைக்கும் நாங்கள் அசையவில்லை. மாஸ்டருக்கும் வயதாகிறது, அந்தப் பச்சைக் காருக்கும்தான். இவர் முழங்காலை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னும் கேக்குதா?"

"ஓம்" என்றேன். கேட்கவில்லை. இன்னொரு தரம் தட்டினேன்.