வேனுக்கு வாங்கிய சார்ஜர்

ரிட்டயர் ஆன மறுவருஷம் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பழைய வேனை வாங்கினோம். உள்ளே கட்டில், ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து, ஊர் சுற்றத் தோதாக மாற்றினோம். கட்டிலுக்கு அடியில் பெரிய பேட்டரி. போய் நிற்கிற இடத்தில் கரண்டில் செருகி அதை ஏற்ற ஒரு சார்ஜர் வேண்டும்.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரால் காது குடைந்துகொண்டிருந்தார். அதை வேட்டியில் துடைத்துவிட்டு, அதாலேயே ஒரு சார்ஜரைத் தட்டிக் காட்டினார். நான் சார்ஜரைத் தொடவில்லை.

"பேட்டரி நிறைஞ்சா தானா நிக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நிக்கும், நிக்கும். எல்லாரும் இதத்தான் வாங்குதாவ." கேட்டது நான், பதில் என் வீட்டுக்காரருக்கு.

அவர் அதைத் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமா இருக்கு" என்றார். அதோடு வாங்கியாயிற்று. எந்தப் பேட்டரிக்கு உரியது என்று அதன் மேல் ஓர் எழுத்துகூட இல்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திய நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

முதல் பயணம் கடலோரத்துப் புன்னக்காயலுக்கு. என் வீட்டுக்காரருக்குப் பழக்கமான படகுக்காரர் வீட்டோரம் வேனை நிறுத்தி, அவர்கள் வீட்டிலிருந்து வயர் இழுத்துச் சார்ஜரை மாட்டினோம். படகுக்காரரின் மனைவி, அன்று படகில் வந்த சீலா மீனைச் சுத்தம் செய்து, ஒரு தூக்குச்சட்டியில் போட்டு எங்கள் ஃபிரிட்ஜில் வைத்தார். நாங்கள் ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் பார்க்கப் போய்விட்டு மத்தியானம் திரும்பினோம்.

வேன் கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. அங்கேயே வாந்தி எடுத்தேன். பிறகு மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு தூக்குச்சட்டியை எடுத்துப்போய் அந்த அம்மா முன்னால் வைத்தேன்.

"இந்த மீனையா எங்களுக்குக் குடுத்தீங்க?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா மூடியைத் திறந்து மோந்தார். வேன் பக்கம் நாலெட்டு போனவர், அப்படியே திரும்பி வீட்டுக்குள் ஓடி சுவிட்சை அணைத்தார்.

"மீனுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். சார்ஜர் நிக்காம பேட்டரி வேவுது. எங்க படகுல ஒருக்க இப்படித்தான் ஆச்சு. கதவெல்லாம் தொறந்து போடுங்க, ஒண்ணையும் தொடாதீங்க."

வெகுநேரம் கழித்து என் வீட்டுக்காரர் கட்டில் பலகையைத் தூக்கினார். பேட்டரி செத்த ஆட்டின் வயிறு மாதிரி உப்பி, ஓரத்தில் நுரை கசிந்துகொண்டிருந்தது. மெத்தையின் அடித்துணி அரித்துப் பொத்தலாகியிருந்தது.

நான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும் டீச்சர்" என்றவர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஊர் வந்து சேரும்வரை என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. காது குடைந்தவன் சொன்னதை நம்பினேன்; கைநிறைய மீன் கொடுத்தவளைத் தெருவில் வைத்துக் கேவலப்படுத்தினேன்.

சார்ஜரோடு போய் நின்றபோது கடைக்காரர் கொஞ்சமும் கூசவில்லை. "நீங்கதான் பாத்துக் கழட்டியிருக்கணும்" என்றார். இந்த முறையும் என்னைப் பார்க்கவில்லை. சார்ஜரை அவர் மேசையிலேயே போட்டுவிட்டு இறங்கினேன்.

புதுப் பேட்டரி வாங்கி, அதில் எழுதியிருந்ததையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனேன். பேட்டரியின் வகைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள ஒரு பட்டன், பேட்டரி நிறைய நிறையத் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும் வசதி, எங்கள் நூறு ஏ.ஹெச். கொள்ளளவுப் பேட்டரிக்குப் பத்து ஆம்பியர். மூன்றும் ஒரு சார்ஜரில் இருந்தன.

"இங்க உள்ள பேட்டரி ஒண்ணுல மாட்டி, நிறையிற வரைக்கும் காட்டுங்க" என்றேன்.

"நேரமாகும்மா."

"ஆகட்டும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தார். பேட்டரி நிறைந்து பச்சை விளக்கு எரிந்து, மீட்டரில் கரண்டு முள் தானே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.