இருளாயி கடைந்த கைப்பிடி

மலேசியாவில் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருபது வருடம் பாலெடுக்கப் பால்மரப் பட்டை வெட்டியவர் இருளாயி அக்கா. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது ஈப்போவுக்கு வந்து, தண்ணீர்த் தொட்டி வார்க்கும் பட்டறையில், ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் ரெசினைக் கலக்கும் வேலையில் சேர்ந்தார். மிஞ்சிய ரெசினில் ரப்பர் கொட்டைகளைப் போட்டு வார்த்து, அங்கிருந்த பழைய கடைசல் இயந்திரத்தில் கத்திப்பிடியும் குங்குமச்சிமிழும் கடைந்தார். ஈரம் காயாத கொட்டை உள்ளே நுரை கட்டிவிடும். அதைக் கற்றுக்கொள்வதற்குள் ஒரு வாளிக் கொட்டை வீணானதாம். ஆனால் அந்தச் சிமிழைக் கையில் எடுத்தவர்கள் திருப்பி வைத்ததில்லை.

1983இல் நான் லண்டனுக்குப் படிக்கப் போகவிருந்தேன். என் தொப்புள்கொடியை, என்னைப் பெற்ற ஆத்தா பத்தொன்பது வருடமாக வெள்ளித் தாயத்தில் வைத்திருந்தார். இடுப்பில் கட்டிக்கொள்ள நான் மாட்டேன் என்றேன். அது கூட வராமல் நான் விமானம் ஏறக்கூடாது என்றார் ஆத்தா. கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார்: சவர பிரஷின் கைப்பிடிக்குள் அதை வைத்து வார்ப்பது.

“தினம் காலையில கையில பட்டாப் போதும்” என்று, நக அளவேயிருந்த அந்தக் கறுத்த சருகை அக்காவிடம் கொடுத்தார்.

“கொட்டை, வண்டு, நண்டுக்கால் எல்லாம் போட்டிருக்கேன் ஆச்சி. ஆளு வந்ததில்லலா” என்று சிரித்தார் அக்கா.

மூன்று நாள் வெயிலில் காயவைத்தார். அச்சில் பாதி ரெசின் ஊற்றி, அது இறுகியதும் சருகை வைத்து மீதியை ஊற்றினார். சனிக்கிழமை நாங்கள் போய்ப் பார்த்தபோது சருகு கட்டியின் நடுவில் இல்லை. லேசான பொருள், மேலே ஊற்றியதும் நழுவி ஓரத்துக்குப் போய்விட்டது. வழக்கம்போலக் கடைந்தால் தூளாகிவிடும்.

“அது போச்சுன்னா இவன் போகவேண்டாம்” என்றார் ஆத்தா.

இருளாயி அக்கா கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நடுவை விட்டுவிட்டு, சருகு இருந்த பக்கமாகத் தள்ளிப் புது மையம் குறித்து இயந்திரத்தில் மாட்டினார். கட்டி நொண்டிக்கொண்டு சுழன்றது. உளி பட்ட இடமெல்லாம் வெளுத்து, உள்ளே எதுவும் தெரியவில்லை. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி ஈரத்துணியால் துடைத்தார். அந்த நொடி மட்டும் சருகு தெரிந்தது, ஒவ்வொரு முறையும் இன்னும் கிட்டத்தில்.

“போதும் அக்கா, நிறுத்துங்க!” என்றேன்.

“பால் வெட்டுறப்ப கட்டையில படாம, நூலளவு பட்டைய விட்டு வெட்டணும். பட்டுச்சுன்னா கங்காணி ஏழு தலைமுறையை இழுத்து ஏசுவான். ஏச்சு வாங்காத கை தம்பி இது. நீங்க மொதல்ல மூச்சு விடுங்க.”

இன்னும் ஒரு இழுப்பு. நிறுத்தினார். தேய்த்து மெருகேற்றியபோது, சருகு முழுசாக, ஒரு தோல் கனத்துக்குக் கீழே கிடந்தது.

ஆத்தா அதை விரலால் தடவினார். “ஒரு பக்கம் தட்டையா இருக்கே?”

“மேசையில வச்சா உருண்டு விழாதுலா ஆச்சி.”

ஆத்தா வாய்விட்டுச் சிரித்தார். மடியிலிருந்த காலித் தாயத்தை எடுத்து இருளாயி அக்காவின் கையில் வைத்து மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“டிக்கெட்டுக்குச் சொல்லிரு தம்பி.”