சூப்பர்வைசர் குருவி

பட்டறைக்காரனின் காது மந்தமாகிவிட்டது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவனைத் தவிர. தகட்டை அடித்துப் பாத்திரமாக்கும் பிரஸ் மெஷின் முன்னால் இத்தனை வருஷம் நின்றவன் காது பின்னே எப்படி இருக்கும்? டிவி அலறிக்கொண்டிருக்கும்போதே "இன்னும் கொஞ்சம் சத்தமா வை" என்பான். மகள் தலையிலடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். டாக்டரிடம் போகலாம் என்று மனைவி கெஞ்சினால் எரிந்து விழுவான்.

"காதுக்கு ஒண்ணுமில்ல. பட்டறை இரைச்சல் உள்ளயே தங்கியிருக்கு. ரெண்டு நாள் காட்டுல கிடந்தா தானா சரியாயிடும்."

அந்த நம்பிக்கையில்தான் இந்த வருஷமும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. காட்டிலும் கேட்காவிட்டால் அப்புறம் சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

கூட வருகிறவர்கள் எப்போதும் இரண்டு பேர்தான். வேன் ஓட்டும் டிரைவர், மனைவியின் அண்ணனான மச்சான். ஆற்றங்கரையில் அவர்கள் கூடாரம் போடும் மரத்தில் ஒரு குருவி உண்டு. விடியுமுன் மெல்லிசாக விசிலடித்து ஆளை எழுப்பிவிடும். அதன் பேர் தெரியாததால் மூவரும் அதைச் சூப்பர்வைசர் என்பார்கள். அதன் குரலை முதலில் கேட்டு, தூங்குகிறவர்கள் காலைப் பிடித்து இழுப்பவன் அன்றைக்கு ராஜா. டீ போடுவது, சுள்ளி பொறுக்குவது, கரிச்சட்டி தேய்ப்பது எல்லாம் மற்ற இருவர் தலையில். வருஷா வருஷம் ராஜா பட்டறைக்காரன்தான். அந்தக் குரலைக் கேட்கும்போது மட்டும், தான் மெஷினுக்குப் பிறந்தவன் இல்லை, இந்த மரத்துக்கும் தண்ணீருக்கும் வேண்டப்பட்டவன் என்று தோன்றும். சொன்னால் ஓட்டித் தள்ளிவிடுவார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இந்த முறை இருட்டிலேயே எழுந்து வெளியே வந்து உட்கார்ந்துவிட்டான். மேகம் கவிந்திருந்தது. உள்ளங்காலில் மண் சில்லென்று ஒட்டியது, ஆற்று வாடை வந்தது, இலையிலிருந்து சொட்டிய பனி கழுத்தில் விழுந்தது. குருவிச் சத்தம்தான் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

வானம் மெல்ல வெளுத்தது. டிரைவரும் மச்சானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடாரத்தை விட்டு வந்தார்கள்.

"அதுக்குள்ள ஏன் எந்திரிச்சீங்க? சூப்பர்வைசர் இன்னும் வரவே இல்ல," என்றான் பட்டறைக்காரன். "இந்த வருஷம் லீவு போல."

டிரைவர் அண்ணாந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் கையை மச்சான் அழுத்திப் பிடித்தான்.

"ஆமா மாப்ள," என்றான் மச்சான், ஒவ்வொரு வார்த்தையாக, உரக்க. "இன்னும் கூவல."

டிரைவர் பார்த்த இடத்தைப் பட்டறைக்காரனும் பார்த்தான். தலைக்கு மேலே, எட்டிப் பிடிக்கலாம் போன்ற கிளையில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தது. அலகு திறந்து திறந்து மூடியது. தொண்டை விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கைத் துடைப்பவன்போல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"முதல்ல எந்திரிச்சது நீதான மாப்ள. இன்னிக்கும் நீதான் ராஜா," என்று மச்சான் அவன் தோளைத் தொட்டான். "உக்காரு. டீ நான் போடுறேன்."

டிரைவர் கரிச்சட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான். அன்று முழுக்க இருவரும் பட்டறைக்காரனை ஒரு சுள்ளி கூடப் பொறுக்க விடவில்லை.